பச்சை பெயிண்டுக்குள்ள ஒரு ஜப்பான்காரன்

ஒரு பழைய சைக்கிளுக்காக ரெண்டு மாசம் கை முழுக்க கிரீஸோட திரிஞ்ச கதை இது. "இந்தக் காசுக்குப் புது சைக்கிளே வாங்கியிருக்கலாம்"னு வீட்டுல இதுவரைக்கும் நாப்பது தடவை சொல்லியாச்சு. நாப்பத்தோராவது தடவை வர்றதுக்குள்ள எழுதி முடிச்சிடறேன்.

செஞ்சியிலேர்ந்து மேல்மலையனூர் போற ரோட்டுல, கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். நண்பர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில, வைக்கோலுக்குப் பின்னாடி சாத்தி வெச்சிருந்துச்சு. மொத்தமும் பச்சை. இரும்பு கேட்டுக்கு அடிப்போமே, அந்த எனாமல் பச்சை. பெயிண்ட் அடிச்ச மகானுபாவர் ஸ்போக்ஸ், செயின், பிரேக் ஒயர் எதையும் விட்டு வைக்கல. ஆனா ஹேண்டில்பார் மட்டும் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி கீழே வளைஞ்சு நின்னுச்சு. நம்ம ஊரு சைக்கிள் இல்லையேன்னு தூக்கிப் பார்த்தேன். ஒத்தைக் கையில வந்துச்சு! எங்க அப்பாவோட ஹெர்குலிஸை அப்படித் தூக்கியிருந்தா அன்னிக்கே இடுப்பு பிடிச்சிருக்கும்.

வீட்டுக்கார ஆயாகிட்ட கேட்டேன்.

"இரும்புக் கடைக்காரன் முந்நூறு தரேன்னான். நீ இன்னா தர?"

"ஆயிரம் தரேன் ஆயா."

"ஆயிரத்தி ஐநூறு குடுத்துட்டு எடுத்துக்கினு போ."

ஐஞ்சு மடங்கு குடுத்துட்டோம்னு பெரிய தர்மப்பிரபு மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

வந்ததும் நேரா சைக்கிள் கடை அண்ணாகிட்ட கொண்டு போனேன். ஒரு காலத்துல முப்பது வாடகை சைக்கிள் ஓடின கடை. இப்போ பஞ்சர் மட்டும்தான். அண்ணா முதல்ல ஒரு நூல்கண்டை எடுத்தார். பின்சக்கர அச்சு மாட்டுற இடத்துல நூலைக் கட்டி, முன்பக்க ஹெட் குழாயைச் சுத்திக் கொண்டுவந்து, மறுபக்கம் கட்டினார். நடுவுல இருக்குற சீட் குழாய்க்கும் நூலுக்கும் ரெண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளின்னு அளந்தார். ரெண்டும் சமம். "பிரேம் கோணல் இல்ல தம்பி. எங்கயும் அடி வாங்கல. மேல பார்க்கலாம்"னார். கொத்தனார் வேலையெல்லாம் சைக்கிள்லயும் இருக்குன்னு அன்னிக்குதான் தெரிஞ்சது.

அடுத்தது டயர். நம்ம ஊரு பெரிய சைக்கிளுக்கு 28 x 1 1/2. அதோட ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். இதுல 27 x 1 1/4, விட்டம் 630. வெறும் 5 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதுக்கே நம்ம டயர் இதுல சரியா உட்காராது. கடைசியில சென்னை பாரிமுனைப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கித்தான் கிடைச்சது.

பெடல் அச்சைக் கழட்டும்போது நான் ஒரு மேதாவித்தனம் பண்ணினேன். வலது பக்கக் கப்பை ஸ்பேனர் போட்டு முக்கி முக்கித் திருப்பறேன், அசையல. அண்ணா பீடியைக் கீழே போட்டுட்டு, "அது இடது மரை தம்பி. நீ கழட்டல, இறுக்கிக்கினு இருக்கற"ன்னார். ஹி ஹி. உள்ளே பால்ரஸ் குண்டெல்லாம் துருப்பிடிச்சு ஒட்டிக் கிடந்துச்சு. பக்கத்துக்கு 11, கால் இஞ்ச் குண்டு, புதுசு போட்டோம்.

பதிலுக்கு நானும் ஒண்ணு சொல்லிக் குடுத்தேன். சீட் தண்டு குழாய்க்குள்ள இறுகிப் போயிருந்துச்சு. அண்ணா அடுப்பு பத்த வைக்கப் போனார். "வேணாம்ணா, தண்டு அலுமினியம், குழாய் இரும்பு. சூடு பண்ணினா அலுமினியம் இரும்பைவிட ரெண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகும். குளிர வெச்சா ரெண்டு மடங்கு சுருங்கும்"னேன். நம்பல. மூணு நாள் எண்ணெய் விட்டு ஊறவெச்சு, ஜூஸ் கடையிலேர்ந்து ஐஸ் வாங்கி, தண்டுல துணியோட கட்டி வெச்சோம். அரை மணி நேரம் கழிச்சு ரெண்டு பேரும் சேர்ந்து முறுக்கினா 'கிரீச்'. வந்துடுச்சு. அன்னிக்கு டீ அவர் செலவு.

இனி பச்சை. துணியில தின்னர் தொட்டு ஒரு ஓரத்துல தேய்ச்சுப் பார்த்தேன். மேல் பச்சை கரைஞ்சது, அடியில இருந்த பெயிண்ட் அசையல. கம்பெனியில சூட்டுல வேகவெச்சு ஏத்தின பெயிண்ட், அவ்வளவு சீக்கிரம் போகாது. பதினாலு நாள் தேய்ச்சேன். கிரோமியம் பூசின இடத்துத் துருவுக்கு அலுமினியத் தாளும் தண்ணியும். மத்த துருவுக்கு நம்ம புளிக்கரைசல். (வீட்டுல புளி டப்பா காலியான விஷயம் தனிக்கதை.) அடியிலேர்ந்து நீலம் வந்துச்சு. ஹெட் குழாயில ஒரு உலோகச் சின்னம். பல் விளக்குற பிரஷ்ஷால நோண்டினா... மியாட்டா!

ஜப்பான் கம்பெனி. மியாட்டா எய்சுகேன்னு ஒரு துப்பாக்கி செய்யறவர் ஆரம்பிச்சது. 1890லேயே சைக்கிள் செஞ்சவங்க. இதை அண்ணாகிட்ட பெருமையா சொன்னா அவர் அசரவே இல்ல. "பிஎஸ்ஏ கூட துப்பாக்கிக் கம்பெனிதான தம்பி, பழைய சின்னத்துல மூணு துப்பாக்கி நிக்கும், பார்த்ததில்லையா?"ன்னார். உண்மைதான். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். அந்தப் பேருலதான் அம்பத்தூர்ல சைக்கிள் செஞ்சாங்க.

வயசு கண்டுபிடிக்கறது இன்னும் சுவாரசியம். சைக்கிளைத் தலைகீழா கவுத்தா, பெடல் அச்சு போற குழாய்க்கு அடியில நம்பர் அடிச்சிருக்கும். மியாட்டாவுல முதல் எழுத்துதான் வருஷம். 1972க்கு ஏ, அப்படியே எண்ணிட்டு வரணும். என்னுது எம். அதாவது 1984. ஒரே சாட்சியை நம்பக்கூடாதுன்னு பின்பக்க கியர் மாத்தற ஷிமானோ பாகத்தைக் கழட்டிப் பின்னாடி பார்த்தேன். எச், கே. ஷிமானோவுக்கு 1976தான் ஏ. அப்ப எச் 1983. ரெண்டாவது எழுத்து மாசம், கே பதினொண்ணாவது, நவம்பர். 1983 நவம்பர்ல செஞ்ச பாகம் 1984 சைக்கிள்ல. கணக்கு கச்சிதமா உட்கார்ந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல போங்க.

எல்லாம் மாட்டி முடிச்சதும் பெங்களூர்ல பழைய சைக்கிள் சேர்க்கற ஒரு நண்பருக்குப் போட்டோ அனுப்பினேன். பத்தாவது நிமிஷம் பதில். "பதினெட்டாயிரம் தரேன், குடுக்கறியா?"

சந்தோஷம் ஒரு பத்து நிமிஷம் இருந்துச்சு. அப்புறம் அந்த ஆயா ஞாபகம் வந்துடுச்சு. தெரியாமத்தானே வாங்கினேன், திருடலையே, பேரம் பேசினது அவங்கதானேன்னு எனக்கு நானே வக்கீலா வாதாடிப் பார்த்தேன். கேஸ் நிக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த சைக்கிளையே ஓட்டிக்கிட்டுப் போனேன். பாக்கெட்ல அஞ்சாயிரம்.

ஆயா திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. சைக்கிளை அவங்களுக்கு அடையாளமே தெரியல. "உங்க சைக்கிள்தான் ஆயா"ன்னதும் எழுந்து வந்து நீலத்தைத் தொட்டுப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எடுத்துட்டியா அந்தப் பச்சைய"ன்னாங்க.

"ஆமா ஆயா. யாரோ கண்ணு மண்ணு தெரியாம பூசி வெச்சிருந்தாங்க."

"எங்க ஊட்டுக்காரருதான் பூசினாரு."

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அவரு ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுல தோட்ட வேலை பார்த்தாராம். அந்த மனுஷன் ஊருக்குத் திரும்பிப் போகும்போது இதைக் குடுத்துட்டுப் போயிருக்கார். ஊருக்குக் கொண்டு வந்தா போற இடமெல்லாம் நிறுத்தி, "ஏது இது? எங்க தூக்கின?"ன்னு கேட்டிருக்காங்க. கிழிஞ்ச பனியனும் லுங்கியும் கட்டினவன் ஃபாரின் சைக்கிள்ல போனா அப்படித்தானே கேப்பாங்க. எழுதிக் குடுத்த சீட்டை சட்டைப் பையிலயே வெச்சிருந்து, அது வேர்வையில கிழிஞ்சும் போச்சாம். மூணாவது தடவை நிறுத்தினப்போ ஒரு அறையும் விழுந்திருக்கு. அன்னிக்கு சாயங்காலம், எங்கேயோ கேட்டுக்கு அடிச்சு மிச்சமான பச்சையை வாங்கி வந்து ஒரு இடம் விடாம பூசிட்டார். "அதுக்கப்புறம் ஒருத்தனும் நிறுத்தல. பன்னெண்டு வருசம் ஓட்டினாரு"ன்னாங்க.

பெங்களூர் நண்பர் சொன்ன விலையை மறைக்காம சொல்லி, அஞ்சாயிரத்தை நீட்டினேன். ரெண்டு தடவை எண்ணினாங்க. "அவரு இருந்தா வாங்கியிருக்க மாட்டாரு. நான் வாங்கிக்குவேன்"னு முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. விக்கணும்னு தோணினா விக்கலாம்னும் சொன்னாங்க.

திரும்பி வரும்போது கோட்டை கிட்ட நிறுத்தினேன். ஒரு பக்கம் ராஜகிரி, ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, நடுவுல திருவண்ணாமலை ரோடு. 1690லேர்ந்து 1698 வரைக்கும் அவுரங்கசீப் படை முற்றுகை போட்ட கோட்டை. 2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. அதுக்கப்புறம் சுவத்துல யாராவது கை வெச்சாலே நம்ம ஊருக்காரங்களுக்குக் கோபம் வருது. நான் என்னடான்னா பதினாலு நாள் உட்கார்ந்து ஒரு மனுஷன் கட்டின கோட்டையைத் தேய்ச்சு எடுத்திருக்கேன். நம்பரைப் படிச்சா வருஷம் தெரியும். மாசம்கூடத் தெரியும். அந்த அறையை எந்த நம்பர்லயும் அடிச்சு வெக்கல.

வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கவுத்துப் போட்டுத் தேடினேன். பின்சக்கரத்துக்குப் போற கீழ்க்குழாயோட உள்பக்கத்துல, விரல் நுழையாத இடத்துல, ரெண்டு இஞ்ச் நீளத்துக்குப் பச்சை மிச்சம் இருந்துச்சு. அதைத் தேய்க்கல. இனிமேலும் தேய்க்க மாட்டேன்.

பி.கு: பெங்களூர் நண்பருக்கு "குடுக்கறதா இல்லை"ன்னு சொல்லியாச்சு. வீட்டுல நாப்பத்தோராவது தடவையும் சொல்லியாச்சு :-)