திருகோணமலையில் ஒரு நாள்

சகோதரிகளே, திருகோணமலைக்கு வந்தால் முதலில் பிரட்றிக் கோட்டையைப் பாருங்கள். 1782 இல் பிரெஞ்சுக் கடற்படை இதனை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது; பின்னர் இது ஒல்லாந்தர் வசமானது. 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை வழியே மேலேறினால் கோணேசர் ஆலயம்; கீழே கடல்.

எமது மகளிர் குழுவுடன் பிற்பகல் கன்னியா சென்றேன். ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் வேறு. அந்தியேட்டிக் கிரியைக்கு எம்மவர் தலைமுறைகளாக வந்த இடம். கணவர் காணாமற்போன அக்கா ஒருவர் வானிலிருந்து இறங்கவில்லை.

"இறங்கினால் அவர் இல்லையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி, மிஸ்."

"இண்டைக்குக் குளிக்க மட்டும்தான் வந்தனாங்கள், அக்கா."

நெடுநேரத்தின் பின் இறங்கினார். ஏழு கிணற்றிலும் அள்ளி வார்த்தார்.

நீங்கள் போகும்போது மாற்றுடுப்பு கொண்டு செல்லுங்கள்.