'ஹார்டு' ரொம்ப ஹார்டு பாஸ்!

'ஹார்டு'ன்னா என்ன? 'கடினம்'னு டக்குன்னு சொல்லிடுவீங்க. கரெக்ட். கல்லும் கடினம், கணக்கும் கடினம், உழைப்பும் கடினம். கெமிஸ்ட்ரி புத்தகத்தில் 'கடின நீர்'கூட இருக்கு. ஒரே வார்த்தையை வெச்சு நாம ஒப்பேத்திடறோம்.

ஆனா, சீனாவில் இங்கிலீஷ் படிக்கிற ஒரு காலேஜ் ஸ்டூடண்ட்டை நினைச்சுப் பாருங்க. கல் மாதிரி கெட்டியா இருந்தா, அவங்க மொழியில் 'யிங்'. கணக்கு கஷ்டமா இருந்தா 'நான்'. (ஆமாங்க, நம்ம 'நான்' மாதிரியேதான். குரலை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கிச் சொல்லணும்!) விழுந்து விழுந்து உழைச்சா 'நூலி'. அடிச்சு ஊத்துற மழை அவங்களுக்குப் 'பெரிய மழை'. போதை ஏத்துற சரக்கு 'உக்கிர மது'. இத்தனைக்கும் இங்கிலீஷ்காரன் கையில் இருக்கிறது ஒரே ஒரு 'ஹார்டு'!

சில இடத்தில் ரூட் ஈஸி. கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அங்கே 'யிங்ஜியன்', ஹார்டு டிஸ்க் 'யிங்பான்'. நாம 'வன்பொருள்'னு சொல்ற அதே டெக்னிக்தான். சாதாரண ரயிலில் மலிவான டிக்கெட்டுக்குப் பேரே 'யிங்ஸுவோ'. அதாவது, 'கெட்டி ஸீட்'!

பெரிய வில்லன் யார் தெரியுமா? 'ஹார்ட்லி'. 'ஹி வொர்க்ஸ் ஹார்டு'ன்னா உழைப்பாளி. வாலில் ஒரு 'லி'யை ஒட்டி 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்'னா, வேலையே பார்க்காத சோம்பேறி. எந்த ஊர் பசங்களா இருந்தாலும் தலை சுத்தத்தானே செய்யும்?

1987-லிருந்து சீனக் கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய அளவில் இங்கிலீஷ் தேர்வு நடக்குது. வார்த்தைப் பட்டியலை உருப்போட்டு பாஸ் பண்ணிடறாங்க. பேசச் சொன்னா, பலருக்கு வாய் திறக்காது. அதுக்கு அவங்களே வெச்ச பேரு 'யாபா யிங்யூ'. பேச்சு வராத இங்கிலீஷ்!

இதைக் கேட்டதும் எனக்கு நம்ம கேம்பஸ் இன்டர்வியூ வரிசைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. மனசுக்குள்ள டிக்‌ஷனரியே இருக்கும். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'னதும் தொண்டை அடைச்சுக்கும்.

அதனால, நான் இப்போ புது வார்த்தைக்குப் பக்கத்தில் அர்த்தம் எழுதறதில்லை. அதோட ஜோடியை எழுதறேன். ஹார்டு வாட்டர், ஹார்டு எக்ஸாம், ஹார்டு லக். எழுதினதை ரூம்மேட்கிட்ட சத்தமா ஒரு வாக்கியமா சொல்லிப் பார்க்கிறேன். அவன் சிரிப்பான். சிரிக்கட்டுமே!

நீங்களும் இன்னிக்கு ஒரு வார்த்தையைப் பிடிச்சு ஆரம்பிங்க. வார்த்தை தனியா நின்னாத்தான் மிரட்டும். கூட ஒரு ஆள் இருந்தா வழிக்கு வந்துடும். நம்மள மாதிரியே!