மாமல்லபுரத்தில் ஒரு நாள்... ஆட்டோ மோடுக்கு விடுமுறை!

ஆசை ஆசையாக டி.எஸ்.எல்.ஆர் அல்லது மிரர்லெஸ் கேமரா வாங்குகிறவர்கள் பலர். முதல் மாதம் வீட்டு விசேஷம், அடுத்த மாதம் ஒரு டூர். அதன்பின் கேமரா பீரோவுக்குள் போய்விடும். 'மொபைல்லயே இதைவிட நல்லா வருதே' என்ற பேச்சும் வீட்டில் எழும். பெரும்பாலும் குறை கேமராவில் இல்லை. மோடு டயல் கடைசிவரை 'ஆட்டோ'விலேயே நிற்பதுதான் காரணம். ஆட்டோவில் எவ்வளவு வெளிச்சம், எது தெளிவு, எது மங்கல் என்பதையெல்லாம் கேமராவே முடிவு செய்துவிடும். எடுப்பவருக்குப் பட்டனை அழுத்தும் வேலை மட்டும்தான் மிஞ்சும்.

அந்த முடிவுகளைத் தன் கைக்குக் கொண்டுவர நினைப்பவருக்கு, சென்னையிலிருந்து இ.சி.ஆரில் 60 கிலோமீட்டருக்குள் ஒரு நல்ல வகுப்பறை இருக்கிறது. 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மாமல்லபுரம்தான் அது. கடல், வெட்டவெளி, இருண்ட மண்டபம், ஒற்றைக்கல் ரதம் என ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. கிட் லென்ஸ் எனப்படும் 18-55 எம்.எம் லென்ஸே போதும்.

காலை 6 மணி: கடற்கரைக் கோயில்

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில். பின்னால் வங்கக் கடலும் பளீரென்ற வானமும். இங்கே ஆட்டோவில் எடுத்தால் கோயில் கறுப்பாகவே விழும். கேமரா தன் முன்னால் உள்ள காட்சி மொத்தத்தையும் நடுத்தரச் சாம்பல் நிற அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானம் அதிகம் பிரகாசித்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கோயில் இருண்டு போகும்.

இதற்கு மருந்து, பிளஸ் மைனஸ் குறி போட்ட 'எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்' பட்டன். டயலை 'ஏ' அல்லது 'ஏவி'யில் வைத்து பிளஸ் 1 கொடுத்தால், கல்லின் நிறம் வெளியே வரும். நிழலுருவமாகவே வேண்டும் என்றால் மைனஸ் 1. இரண்டும் சரிதான், எது வேண்டும் என்று சொல்ல வேண்டியது எடுப்பவர்.

அப்படியே கடற்கரைக்கு நடந்தால் அடுத்த பாடம் ஷட்டர் ஸ்பீடு. டயலை 'எஸ்' அல்லது 'டிவி'க்கு மாற்றி 1/1000 நொடி வைத்தால், பாறையில் மோதும் அலையின் துளிகள் அந்தரத்தில் உறைந்து நிற்கும். 1/15 நொடி வைத்தால் அதே அலை பால் போல வழியும். ஆனால் கை ஆடினால் படமும் ஆடிவிடும். முழங்கைகளை உடம்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்து எடுக்க வேண்டும். சின்னங்களின் வளாகத்துக்குள் ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி தேவை என்பதால், இந்தப் பழக்கம் நாள் முழுக்க உதவும்.

ஓர் எச்சரிக்கை. லென்ஸ் மாற்றுவதாக இருந்தால் கடற்கரையில் வேண்டாம். உப்புக் காற்றும் மணலும் சென்சாரில் ஒட்டினால், ஒவ்வொரு படத்திலும் புள்ளி விழும். அறையிலோ காரிலோ, கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, சட்டென்று மாற்றிவிட வேண்டும்.

காலை 9 மணி: அர்ஜுனன் தபசு

ஊருக்குள் நடந்தே வந்துவிடலாம். சுமார் 96 அடி நீளமுள்ள இந்தப் பாறைச் சிற்பம் கிழக்கு பார்த்தது. சூரியன் உதித்ததும் வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கும். அப்போது சிற்பம் தட்டையாகத் தெரியும். வெயில் மேலே ஏறி, சரிவாகக் கல்லில் விழும்போதுதான் ஒவ்வொரு செதுக்கலுக்கும் கீழே நிழல் விழுந்து, உருவங்கள் எழுந்து நிற்கும். பிளாஷ் போட்டால் இந்த நிழல்தான் முதலில் காணாமல் போகும்.

லென்ஸின் எம்.எம் கணக்கையும் இங்கேயே பழகலாம். 18-ல் வைத்தால் பாறை முழுவதும் அடங்கும். 55-க்குத் திருகிக்கொண்டு தேடினால், யானையின் காலருகே ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனையும் அதை வணங்கும் எலிகளும் கிடைக்கும். முழுப் பாறையை எடுத்தவரின் படத்தில் அந்தப் பூனை ஒரு புள்ளி.

பகல் 11 மணி: கிருஷ்ண மண்டபம்

சில அடி தூரத்தில் இருக்கிறது. கோவர்த்தன மலையைத் தாங்கும் கண்ணனும், கன்றை நக்கிக்கொடுக்கும் பசுவிடம் பால் கறக்கும் ஆயனும் உள்ளே. வெளியே கண் கூசும் வெயில். தூண்களைத் தாண்டினால் இருட்டு. ஐ.எஸ்.ஓ 100-ல் கேமரா 1/8 நொடி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் பிடித்து எடுத்தால் படம் கலங்கும். ஐ.எஸ்.ஓ-வை 1600 ஆக்கினால் 1/125 நொடியே போதும். படத்தில் கொஞ்சம் பொரிப்பொரியாகப் புள்ளிகள் தெரியும், அதனால் பரவாயில்லை. புள்ளியைக் குறைக்க வழி உண்டு, கலங்கலை நேராக்க வழியில்லை.

மாலை 4 மணி: ஐந்து ரதங்கள்

காலையில் கடற்கரைக் கோயிலுக்கு வாங்கிய டிக்கெட்டை எறியாமல் வைத்திருந்தால், அன்றைக்கு இங்கேயும் அதுவே செல்லும். கடைசிப் பாடம் அப்பர்ச்சர். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிதாகும், பின்னணி மங்கும். எஃப் 8, எஃப் 11 என ஏறினால் முன்னும் பின்னும் தெளிவாக விழும். புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் எல்லோருக்கும் பின்னணி மங்கல் மீது தனிக் காதல் உண்டு.

நகுல சகாதேவ ரதத்தின் முன் அந்தக் காதல் எடுபடாது. அந்த ரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்தது, 'கஜபிருஷ்டம்' என்பார்கள். பக்கத்திலேயே ஒரே கல்லில் ஆளுயரத்துக்கும் மேலான யானை ஒன்றையும் சிற்பி நிறுத்தியிருக்கிறார். பின்னால் உள்ள ரதத்தை மங்கலாக்கி யானையை மட்டும் எடுத்தால், அந்த ஒப்புமையே படத்தில் இராது. எஃப் 11 வைத்து, இரண்டு முதுகுகளும் தெரிகிற கோணத்துக்குச் சில அடிகள் தள்ளி நின்றால், சிற்பி சொல்ல வந்தது படத்திலும் விழும்.

மாலை 6 மணிக்கு வளாகத்தை மூடிவிடுவார்கள். அறைக்குத் திரும்பியதும் முதல் வேலை, லேசாக ஈரம் தொட்ட துணியால் கேமராவின் மேல்பாகத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் ஒருமுறை துடைப்பது. லென்ஸ் கண்ணாடிக்கு மட்டும் அதற்கென்றே உள்ள மென்துணி.

இரண்டாவது வேலை, படங்களைப் பெரிய திரையில் பார்ப்பது. ஒவ்வொரு படத்துடனும் ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ எண்கள் பதிவாகியிருக்கும். கெட்டுப்போன படங்களை உடனே அழித்துவிட வேண்டாம். கடற்காற்றின் உப்பு, கடற்கரைக் கோயிலின் சிற்பங்களைப் பல நூற்றாண்டுகளாகத் தேய்த்து வருகிறது. மழுங்கிப்போன ஒரு சிங்கத்தின் முகம் எந்த வெளிச்சத்தில் தெரிந்தது, எதில் தெரியாமல் போனது என்பதை, நல்ல படத்தையும் கெட்ட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் புரிந்துகொள்ள முடியும்.