வார்பெர்க்கில் ஒரு முழுக்கு

ஸ்வீடனிலிருந்து திரும்பியதும், மாலையில் காந்தி சிலை அருகே உட்காரும் நம் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "நோபல் பரிசு கொடுக்கிற மண்டபத்தைப் பார்த்தீரா?" என்பதுதான். பார்க்கவில்லை. அது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. என் மகள் இருப்பது நாட்டின் மேற்குக் கரையில், கோத்தன்பர்க்கில். "அப்படியானால் என்னதான் பார்த்தீர்?" என்றார்கள். ஒரு குளியல் வீட்டைப் பார்த்தேன் என்றேன். சிரித்தார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கோத்தன்பர்க்கிலிருந்து தெற்கே ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வார்பெர்க் என்ற சின்ன ஊர் வரும். அப்படித்தான் எழுதுகிறார்கள், அவர்கள் வாயில் அது 'வார்பெரி'. நூறு வருஷத்துக்கு மேலாக ஸ்வீடன்காரர்கள் கடலில் குளிப்பதற்காகவே வரும் ஊர். ஜூலையில் கால் வைக்க இடம் இருக்காதாம். நாங்கள் போனது ஆகஸ்ட் கடைசியில். பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. கடற்கரையில் ஐஸ்கிரீம் கடைக்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாலை ஆறு மணிக்குக் கடைத்தெரு அடங்கிவிட்டது. எதிரே வருகிறவர்கள் மெல்லத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். "ஊர்ல ஏதாவது துக்கமா?" என்று என் மனைவி என் காதில் கேட்டாள்.

தங்குவதற்கு மகள் ஏற்பாடு செய்திருந்த இடம் இன்னும் வேடிக்கை. கடலை ஒட்டிய மேட்டில் பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. அதற்குள் முன்பு சிறைச்சாலை இருந்தது. அதைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஓர் அறை. அதாவது, ஒரு காலத்துக் கைதியின் அறை. "முப்பத்தஞ்சு வருஷம் கவர்மெண்டுல கைசுத்தமா வேலை பார்த்துட்டு, கடைசியில என்னையும் கூட்டிக்கிட்டு ஜெயிலுக்கு வந்துட்டீங்களே" என்றாள் மனைவி. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு ஸ்வீடன் போனால் ஒரு லாபம் உண்டு. அவர்கள் மொழி ஒரு சொல்லும் புரியாது என்று நினைத்துப் போனேன். நடைபாதைக்கு 'ட்ரொட்டுவார்' என்கிறார்கள். குடைக்கு 'பரப்ளி'. எல்லாம் நம் பிரெஞ்சுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த நாட்டு அரண்மனையில் பிரெஞ்சு கொடிகட்டிப் பறந்தது. அப்போது வந்து தங்கிய சொற்கள். அது போதாதென்று 1818-இல் நெப்போலியனின் தளபதியாக இருந்த பெர்னதோத் அந்த நாட்டுக்கு அரசராகவே ஆகிவிட்டார். இன்றைய அரசரும் அவர் வம்சம்தான். சரித்திர வகுப்பில் எங்கள் முசே பெர்னதோத் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பார். நெப்போலியனுக்கு எதிராகவே படை அனுப்பினவர் ஆயிற்றே! விடைபெறும்போது நாம் 'அதியோ' என்று படித்ததை அவர்கள் 'அயோ' என்கிறார்கள். நம் காதுக்கு அது 'ஐயோ' என்றே கேட்கும்.

இனி குளியல் வீடு. கோட்டைக்குப் பக்கத்திலேயே, கரையிலிருந்து ஒரு நடைபாலம் கடலுக்குள் போகிறது. அதன் முடிவில், தண்ணீருக்கு மேல் கால்களை ஊன்றி நிற்கிறது ஒரு மரக் கட்டடம். கீழைநாட்டு மாளிகை போலச் சின்னச் சின்னக் குவிமாடங்கள். ஒரு பாதி பெண்களுக்கு, மறுபாதி ஆண்களுக்கு. நடுவில் காப்பிக் கடை. உள்ளே விறுவிறுவென்று சூடேற்றிய மர அறையில் வியர்க்க உட்கார்ந்துவிட்டு, ஏணி வழியாக நேரே கடலில் இறங்குகிறார்கள். உடம்பில் நூல் துணி கிடையாது. அதுதான் அங்கே முறை. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. குளிர்காலத்திலும் இறங்குகிறவர்கள் உண்டு.

இப்போது இருக்கும் கட்டடம் 1903-இல் கட்டியது. அதற்கு முன் அங்கே இருந்தவற்றைப் புயல் கொண்டுபோய்விட்டது. கடைசியாக இருந்ததை 1902 கிறிஸ்துமஸ் சமயத்தில் அடித்த பெரும்புயல் உடைத்தது. மறு வருஷமே அதே கடலில் மறுபடி கால் ஊன்றிக் கட்டிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மனைவிக்கும் வந்திருக்கும். இருவரும் பேசவில்லை.

மாலையில் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்தோம். நமக்குக் கடல் என்றால் சூரியன் எழும் இடம். அங்கே கடலுக்குள் இறங்குகிறது. எழுபத்து நான்கு வயதுக்கு இதுவும் ஒரு புதுமைதான்.

அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் ஸ்வீடன்காரர்கள் அல்லர். அப்போது அந்தப் பகுதி டென்மார்க் வசம் இருந்தது. பழைய கோட்டையை 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிதாக்கிப் பலப்படுத்தியவர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன். பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நமக்குத் தெரிந்தவர்தான்! 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியது இதே அரசரின் ஆட்கள். வார்பெர்க்கை 1645-இல் ஸ்வீடனிடம் விட்டார்கள். தரங்கம்பாடியைச் சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஓர் அரசர், இரண்டு கடல், இரண்டு கோட்டை. மகளிடம் இதை ஆவலோடு சொல்லிக்கொண்டே போனவன், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

காரணம், தரங்கம்பாடி எனக்குப் புத்தகத்தில் படித்த ஊர் அல்ல. காரைக்காலில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்தக் கோட்டை நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26-ம் ஞாயிற்றுக்கிழமைதான். அன்று போகவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து என் வேலை, பெயர் எழுதுவது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் வந்து சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர், வயது, தகப்பனார் பெயர், தெரு. நான்கு கலம், கடைசியில் குறிப்புரை. பதினோரு நாள் எழுதினேன். ஒரு தாய், மகளின் பெயரைச் சொல்லிவிட்டு, "அந்தப் பேரு பள்ளிக்கூடத்துக்குத்தான் சார். எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. குட்டின்னு எழுதுங்க, அப்பதான் அது எம்புள்ளைன்னு தெரியும்" என்றாள். அதற்குப் படிவத்தில் இடமில்லை. குறிப்புரைக் கலத்தில் 'குட்டி' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று அலுவலகத்தில் பேர். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததில்லை. யாருக்கும் தெரியாது. நம் புதுச்சேரிக் கடற்கரையில் பாறாங்கல் கொட்டியிருப்பது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. தினமும் கடற்கரைக்குப் போகிறேன். ஆனால் சாலையோடு சரி.

மறுநாள் காலை மற்றவர்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள். அங்கே ஏலக்காய் போட்ட பன் பிரசித்தம். நாம் பாயசத்தில் போடுவதைவிட அதிகமாகவே பன்னில் போடுகிறார்கள். மனைவி அதைப் பிட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டாவது பன் கேட்டாள். நான் ஆண்கள் பக்கத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மாப்பிள்ளை, பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெருந்தன்மையாக வெளியிலேயே இருந்துவிட்டார். மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து போகிற இடமா அது?

உள்ளே என் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். இடுப்பில் துண்டோடு நின்ற நான்தான் அங்கே விநோதமாக இருந்தேன். வெயில் படும் பலகையில் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு எண்பது வயது இருக்கும். நல்ல ஆங்கிலம் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா, தெற்கே, கிழக்குக் கடற்கரை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "2004?" என்றார். நானும் பேசாமல் தலையசைத்தேன்.

அந்த ஆழிப்பேரலையில் ஸ்வீடன் 543 பேரை இழந்தது. பெரும்பாலும் தாய்லாந்துக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவர்கள். அவர்களில் ஒருவன் இவருடைய தங்கை மகன். தன்னுடைய படுக்கையறைச் சுவரின் நிறத்தைச் சொல்வது போல அமைதியாகச் சொன்னார். இரண்டு வருஷம் இந்தப் பக்கமே வரவில்லையாம். "பிறகு ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் எதிரே இருந்த ஏணியைக் காட்டினார். "அவனுக்கு நான் நீச்சல் சொல்லிக்கொடுத்தது இங்கேதான். வராமல் இருந்தால் அதையும் சேர்த்து இழந்ததாகத்தானே ஆகும்?" என்றார்.

நானும் காரைக்காலைச் சொன்னேன். பெயர் எழுதியதைச் சொன்னேன். 'குட்டி' என்று எழுதியதையும் சொன்னேன். அதை என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. ஆங்கிலத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம், துண்டைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவர் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுந்தார், ஏணியில் இறங்கினார், ஒரு சுற்று நீந்தினார், ஏறி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஊரின் மௌனத்தைத் துக்க வீட்டு மௌனம் என்று என் மனைவி நினைத்தது நினைவுக்கு வந்தது. அது தவறுமில்லை, சரியுமில்லை என்று பட்டது. அடுத்தவர் பாரத்தைக் கிளறாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவர்களுக்குத் தெரிகிறது. அன்று நான் தண்ணீரில் இறங்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில், ரயிலுக்கு நேரம் இருந்ததால் மறுபடி போனேன். அவர் அங்கே இருந்தார். கரும்பலகையில் தண்ணீர் 17 டிகிரி என்று எழுதியிருந்தது. சூடான மர அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். நெஞ்சு படபடக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், மாத்திரை சாப்பிடுகிறவன். பிறகு ஏணியின் இரு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். துண்டை எங்கே வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

முழங்கால் வரைக்கும் வலி. இடுப்புக்கு வந்ததும் மூச்சு நின்றுபோல் ஆயிற்று. துக்கம் விசாரித்துவிட்டு வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது நம் வழக்கம். அந்தப் பதினோரு நாளும் நான் வீட்டுக் குழாயடியில் குளித்திருக்கிறேன். ஆனால் முடித்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஏணியை விடாமல் மூன்று முறை முங்கினேன். மூன்றாவது முறை கண்ணைத் திறந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர், கட்டடத்தின் கால்கள், அதில் ஒட்டிய பாசி. அவ்வளவுதான். வாயில் உப்புக் கரித்தது. நம் கடலைவிடக் கரிப்பு குறைவு.

ஏறி வந்ததும் அந்தப் பெரியவர் என் துண்டை எடுத்து நீட்டினார். நான் பிரெஞ்சு படித்தவன் என்று முதல் நாள் சொல்லியிருந்தது ஞாபகம் இருந்திருக்கிறது. கிளம்பும்போது கை குலுக்கி, 'அயோ' என்றார். நான் 'அதியோ, முசே' என்றேன். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, இருவரும்.

வெளியே மனைவி காத்திருந்தாள். என் ஈரத் தலையைப் பார்த்தாள். இருபது வருஷமாக நான் கடலில் இறங்காததை அவள் கவனித்திருக்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டு, "சளி பிடிச்சா மக வீட்டுலதான் கஷ்டம்" என்றாள். ரயிலில் வரும்போது அவளிடம் 'குட்டி'யைப் பற்றிச் சொன்னேன்.

வாசகர்களில் பலருக்குப் பிள்ளைகள் அந்தப் பக்கம் இருப்பார்கள். போகிறவர்கள் ஆகஸ்ட் கடைசியில் போங்கள், கூட்டம் இருக்காது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தண்ணீரில் இறங்க வேண்டாம். இரண்டு துண்டு எடுத்துப் போங்கள். ஏலக்காய் பன்னை மறக்காதீர்கள்.