வீணைக்கு எத்தனை வாட்?

"எத்தனை வாட் வேண்டும்?" ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவரைக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மும்பையின் லாமிங்டன் ரோடானாலும், டில்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட்டானாலும், சென்னையின் ரிச்சி தெருவானாலும் கேள்வி மாறுவதில்லை. அரிசியைக் கிலோவில் கேட்பதுபோல ஒலியை வாட்டில் கேட்கப் பழகிவிட்டது நாடு. வாங்குபவர்களும் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: கையிலிருக்கும் பணத்துக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு. இந்தப் பதில் பெரும்பாலும் தவறு என்பதைத் தெரிந்துகொள்ள, டோம்பிவலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவருக்கு நான்கு மாதம் ஆயிற்று.

அவருக்கு வயது 71. பருத்தி ஆலை ஒன்றின் அலுவலகத்தில் பேரேடு எழுதியவர். அவருடைய மனைவி முப்பது ஆண்டுகள் அந்தக் காலனிக் குழந்தைகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்தவர். இன்றும் அக்கம்பக்கத்தில் 'வீணை டீச்சர்' என்றால்தான் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் மூட்டு வாதம் விரல்களைப் பிடித்தது. இடது கையால் தந்தியை இழுத்து கமகம் கொடுக்க முடியவில்லை. வீணை உறை போட்டுச் சுவரோரம் சாத்தப்பட்டது. அவர் வாசித்ததில் மிஞ்சியது, 1983 முதல் 1996 வரை கணவர் வீட்டிலேயே பதிவுசெய்த 64 காசெட்டுகள் மட்டுமே.

அந்தக் காசெட்டுகளைப் பேசவைத்த கருவி இரண்டு பெட்டிகளால் ஆனது. 1984ல் லாமிங்டன் ரோடு மெக்கானிக் ஒருவர் சேர்த்துக் கொடுத்தது. ஒரு பெட்டி ப்ரீ-ஆம்ப்ளிஃபயர். காசெட் டெக்கிலிருந்து வரும் சன்னமான சமிக்ஞையை வாங்கி, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது. இன்னொன்று பவர் ஆம்ப்ளிஃபயர்; அந்தச் சமிக்ஞைக்கு ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தைத் தருவது. போன வருடம் மார்ச்சில் இரண்டாவது பெட்டியிலிருந்து கருகல் வாசனை வந்தது.

முதலில் பழுது பார்த்தார்கள். பெட்டிக்குள் இருந்தது சான்யோவின் எஸ்.டி.கே. வகைத் தொகுப்பு. ஒருகாலத்தில் ஜப்பானிய ஸ்டீரியோக்கள் பல இதை நம்பித்தான் ஓடின. இன்று அசல் கிடைப்பது அரிது. அசலின் பெயரைத் தாங்கிய போலிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. மாட்டிய புதிய தொகுப்பு மூன்று வாரம் உழைத்தது. பிறகு ஒரு மாலை, இடப்பக்க ஸ்பீக்கரின் கூம்பு முன்னே துருத்திக்கொண்டு அப்படியே நின்றது. நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. கணக்கர் பிளக்கைப் பிடுங்கியதால் காயில் எரியாமல் தப்பியது.

வங்கி வைப்பு ஒன்று முதிர்ந்து 40,000 ரூபாய் வந்திருந்தது. அதில் பாதி மனைவியின் கைக்கான பிசியோதெரபிக்கு. மீதி 20,000. புனேயில் இருக்கும் மகன், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் போதுமே என்றான். மனைவி சொன்னது வேறு: "இனிமேல் அதைக் கேட்டு நான் என்ன பண்ணப்போறேன்? அந்தப் பணத்தையும் பேங்க்லயே போடுங்கோ." வாசிக்க முடியாத கைக்கு, அது வாசித்ததைப் போட்டுக் காட்டுவது ஆறுதலா, இம்சையா? கணக்கருக்குத் தெரியவில்லை. இருந்தாலும் காசெட்டுகள் ஊமையாகக் கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ரயிலேறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கினார்.

"அங்கிள், இது 2,000 வாட்" என்றான் முதல் கடைப் பையன், தலையணை அளவுப் பெட்டி ஒன்றைத் தட்டி. பெட்டியின் முதுகில் மின்சாரச் செலவு 60 வாட் என்று எழுதியிருந்தது. பேரேடு எழுதியவருக்கு இது உறுத்தியது. வரவு 60, செலவு 2,000 என்றால் கணக்கு எப்படி நேராகும்?

நேராகாது. அந்த 2,000, பி.எம்.பி.ஓ. என்ற அளவு. கண்ணிமைக்கும் நேரத்துக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல், காகிதத்தில் எட்டக்கூடிய உச்சம் என்று விற்பவர் சொல்லிக்கொள்வது. அதற்குப் பொது விதி எதுவும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட். இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட் விளம்பரங்கள் கட்டுமீறிப் போய், 1974ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தொடர்ச்சியான சக்தியைத்தான் குறிப்பிட வேண்டும் என்று விதி செய்தது. அப்படியும் அடங்காமல், 2024ல் விதி மறுபடி இறுக்கப்பட்டது: 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, திரிபு 1 சதவீதத்துக்குக் கீழ். இந்தியச் சந்தையில் வாங்குபவருக்கு இருக்கும் பாதுகாப்பு, பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்ப்பதுதான். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் ஓடும் பெட்டிக்குள் போவது 24 வாட். அதற்கு மேல் வெளியே வர வழியில்லை.

இதைவிட முக்கியமான கேள்வி, உண்மையில் எத்தனை வாட் தேவை என்பது. இதற்கு விடை ஆம்ப்ளிஃபயரில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது ஸ்பீக்கரின் உணர்திறன். கணக்கரின் ஸ்பீக்கருக்கு அது 87. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி குறையும்; இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாலும், சுவர்கள் திருப்பி அனுப்புவதாலும் கொஞ்சம் கூடும். கூட்டிக் கழித்தால், நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு வாட்டில் 82 டெசிபல் கிடைக்கும். வீட்டில் பாட்டுக் கேட்கும் சராசரி அளவு 70 டெசிபலை ஒட்டியது. அதற்கு ஒரு வாட்டில் பதினாறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. மிருதங்கத்தில் ஓங்கி விழும் அடியோ, வீணையின் தந்தியைச் சுண்டும் கணமோ சராசரியைவிட 20 டெசிபல் உயரலாம். அதற்கும் 6 அல்லது 7 வாட் போதும். கையிருப்பாக நாலைந்து மடங்கு வைத்துக்கொண்டாலும் 30 வாட்.

வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காது அதைச் சிறு வித்தியாசமாகவே உணரும். சத்தம் இரு மடங்காகத் தோன்ற சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். 40 வாட்டுக்குப் பதில் 60 வாட் என்று கூடுதல் பணம் கொடுப்பவர், அந்தப் பணத்துக்கு 2 டெசிபலுக்கும் குறைவாகவே வாங்குகிறார். 1978ல் வந்த பிரிட்டிஷ் நிறுவனமான என்.ஏ.டி.யின் 3020 வெறும் 20 வாட். விலை குறைந்த அந்தப் பெட்டியை உலகெங்கும் இசை ரசிகர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

கடைகளில் கணக்கர் மூன்று பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் போட்டுப் பார்க்கத் தவணை கேட்டார். ஒன்று, கல்யாண மேடைகளுக்கான 300 வாட். இரண்டாவது, உள்ளங்கை அளவுள்ள 'கிளாஸ் டி' பெட்டி, விலை 3,500. மூன்றாவது, மும்பையிலேயே தயாரான, வட்ட டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட 40 வாட் பெட்டி; 14,500. நண்பர் ஒருவர் தன் 90,000 ரூபாய் வெளிநாட்டுப் பெட்டியையும் இரண்டு நாளைக்கு இரவல் தந்தார்.

மேடைப் பெட்டி முதல் நாளே தோற்றது. அதைக் குளிர்விக்க விசிறி உண்டு. கல்யாண வீட்டு இரைச்சலில் அது யார் காதிலும் விழாது. ஆலாபனையின் இடைவெளியில் விழுந்தது. உள்ளங்கைப் பெட்டி பலரும் நினைப்பதைவிட நன்றாகவே ஒலித்தது. ஆனால் அதனோடு வந்தது 12 வோல்ட் அடாப்டர். அந்த மின்னழுத்தத்தில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்டைத் தாண்டிப் போக முடியாது. தாண்டச் சொன்னால் அலையின் தலை வெட்டுப்படும், தந்தி ஒலி கரகரக்கும். 24 வோல்ட் அடாப்டர் கிடைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது பெட்டியைப் போட்டபோதுதான், அதுவரை சமையலறையை விட்டு வராத வீணை டீச்சர் வாசலில் வந்து நின்றார். "தம்புராவுக்குக் கீழே இன்னொரு சுருதி ஓடறதே, உங்களுக்குக் கேக்கலையா? நம்ம சுருதியோட சேரவே இல்லை."

கணக்கருக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் வந்து காதை ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்துவிட்டு, டீச்சர் சொல்வது சரி என்றான். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் மெல்லிய ரீங்காரமாக வந்துகொண்டிருந்தன. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான் என்று கணக்கர் முடிவு செய்தார். பையன் ஒவ்வொரு வயராகக் கழற்றினான். டி.வி.யின் கேபிள் பெட்டியிலிருந்து வந்த வயரை எடுத்ததும் ரீங்காரம் நின்றது. இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த்துக்குப் போகும்போது நடுவில் ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் மின்சாரம் இசையோடு கலந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயர் மீது குற்றமில்லை.

மறுநாள் டீச்சரே சோதனைக்கு உட்கார்ந்தார். வேட்டியைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் பையன் 14,500 ரூபாய்ப் பெட்டியையும் 90,000 ரூபாய்ப் பெட்டியையும் மாற்றி மாற்றிப் போட்டான். முன்னதாக மல்ட்டிமீட்டர் வைத்து இரண்டின் அளவையும் சமப்படுத்தியிருந்தான். இது அவசியம். துளி சத்தம் கூடுதலாக இருப்பதே காதுக்கு 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும். ஷோரூம்களில் விலை கூடிய பெட்டி ஜெயிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பதினாறு முறை கேட்டதில் டீச்சர் சரியாகச் சொன்னது ஒன்பது. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் இதே போன்ற திரைமறைவுச் சோதனையை வெளியிட்டது. சில நூறு டாலர் பெட்டியிலிருந்து 12,000 டாலர் பெட்டி வரை வைத்துப் பார்த்ததில், கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காரணம் அதற்கும் அறுபது வருடம் முந்தையது. 1927 ஆகஸ்டில் ஹரால்ட் பிளாக் என்ற இன்ஜினியர் நியூயார்க்கில் வேலைக்குப் படகில் போகும்போது, கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்தில் ஒரு படம் வரைந்தார். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பி அனுப்பினால் திரிபு தானே குறைந்துவிடும் என்ற யோசனை அது. அதன் பலனாக, ஒழுங்காகச் செய்த சாதாரண ஆம்ப்ளிஃபயரின் திரிபுகூட இன்று ஸ்பீக்கரின் திரிபில் சிறு பங்குதான்.

காசெட்டை எடுத்துக்கொண்டால் இது இன்னும் பொருந்தும். நாடாவின் இரைச்சல் இசைக்கு 50, 60 டெசிபல் கீழே இருக்கிறது. நல்ல ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் 90க்கும் கீழே. சங்கிலியில் வலுவான கண்ணிக்குத் தங்கம் பூசிப் பயனில்லை.

14,500 ரூபாய்ப் பெட்டியை வைத்துக்கொண்டார்கள். பணம் கொடுக்குமுன் கணக்கர் பார்த்தது மூன்று விஷயங்கள்: மூன்று முள் பிளக், சுவிட்ச் போட்டுச் சில விநாடி கழித்து 'டிக்' என்று ஸ்பீக்கரை இணைக்கும், கோளாறு வந்தால் துண்டிக்கும் ரிலே, பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கர் முனையில் நேர்மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருக்கிறதா என்பது. மிச்சம் 5,500ல் டெக்குக்குப் புதிய பெல்ட், ஹெட்டைத் துடைத்துக் கோணம் சரிசெய்தல், காசெட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு சிறு கருவி. காதுக்குத் தெரிந்த பெரிய மாற்றம், ஹெட்டைச் சரிசெய்த அன்றுதான் வந்தது.

சோதனைக்காகத் திரும்பத் திரும்பப் போட்டது 1988 காசெட். அதைப் பதினாறு முறை கேட்ட டீச்சர் திரையைப் பார்த்துச் சொன்ன ஒரே விமர்சனம் ஆம்ப்ளிஃபயரைப் பற்றியதல்ல: "அந்தக் காந்தாரத்தை அவ்வளவு இழுத்திருக்க வேண்டாம்." இப்போது செவ்வாய், வெள்ளி மாலைகளில் இரண்டு சிறுமிகள் வருகிறார்கள். வீணையை உறையிலிருந்து எடுத்தாயிற்று; வாசிப்பது அவர்கள். இப்படி என்று விரலால் காட்ட முடியாத இடத்தில் டீச்சர் காசெட்டைப் போடச் சொல்கிறார். கணக்கர் பேரேட்டில் காசெட் எண், ராகம், தேதி எழுதிவைக்கிறார். 23 ஏற்றியாயிற்று, 41 பாக்கி. வால்யூம் குமிழ் ஒன்பது மணிக்கு மேல் திரும்புவதில்லை.