ஏம்மா தனியாப் போன?

2023இல் ஒரு திங்கட்கிழமை. வகுப்பு முடிந்து வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி மேசையருகே வந்து நின்றாள். “மேடம், சூப்பர் சிங்கர்ல இந்த வாட்டி ஒரு பொண்ணு ஜெயிச்சிருக்கு.”

விஜய் டிவியில் பெரியவர்களுக்கான அந்தப் போட்டி 2006இல் தொடங்கியது. முதல் எட்டு முறையும் பட்டம் ஆண்களுக்கே போனது. ஒன்பதாவது முறை அருணா வென்றார். சிறுவர் போட்டியில் அல்கா அஜித், ஸ்பூர்த்தி, பிரித்திகா என்று சிறுமிகள் முன்பே வென்றிருந்தார்கள். பன்னிரண்டு வயதில் கிடைத்த கைதட்டல் இருபது வயதில் ஏன் கிடைக்கவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். “நானும் பாடப் போறேன் மேடம்.”

அவள் அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. விடியும்முன் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். அவள் வீட்டில் தெலுங்கு. கல்லூரி விழாவில் தமிழில் பாடுவாள். உருது பேசும் தோழியின் அக்கா கல்யாணத்தில் இந்திப் பாட்டுப் பாடி, பிரியாணியோடு ஐந்நூறு ரூபாயும் வாங்கி வந்தாள். அந்த ஆடி மாதமே ஓர் இன்னிசைக் குழுவில் சேர்ந்தாள். கோயில் திருவிழாவுக்குத் திருவிழா பாடினாள்.

மறு வருடம் ஒருநாள் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கச்சேரி முடிந்து திரும்பும்போது குழு நடத்துபவர் காரில் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தை மூன்று நான்கு வாக்கியங்களில் சொன்னாள். கேட்டதும் என் வாயில் வந்தது இதுதான்:

“ராத்திரி நேரத்துல ஏம்மா தனியாப் போன?”

“சாரி மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பெண் உடலைப் பற்றி இரண்டு கவிதைத் தொகுப்புகள் போட்டவள் நான். கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினர். புறநானூற்றில் விறலியாற்றுப்படையைப் பல வருடங்களாக நடத்துகிறேன். பாடும் பெண்ணுக்கு, பரிசில் தரும் வள்ளலிடம் போக வழி சொல்லும் துறை அது. நான் நடத்தும் அந்தப் பாடல்களில் விறலியிடம் பேசுகிறார்கள், விறலி பேசுவதில்லை. போய் வந்த வழியில் என்ன நடந்தது என்று என்னிடம் சொல்ல வந்த ஒருத்தியை நான் பேசவிடவில்லை.

அதன் பிறகு அவள் கல்லூரியில் பாடவில்லை. பட்டம் முடிந்ததும் அம்மாவோடு அதே வேனில் ஏறினாள்.

2025 மே மாதம் ஒரு ராத்திரி அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ‘தக் லைஃப்’ இசை விழா மேடையில் சின்மயி ‘முத்த மழை’ பாடுகிறார். தமிழில் தீ பாடிய பாட்டு அது. தீ வர முடியாததால் அன்று மேடையில் சின்மயி பாடினார். தெலுங்கிலும் இந்தியிலும் அந்தப் பாட்டு சின்மயியின் குரல்தான். தமிழில் மட்டும் இல்லை. வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தாள்: “எங்க வீட்ல தெலுங்குல இவங்க வாய்ஸ்தான் மேடம் கேக்குறோம்.”

சின்மயியும் தொலைக்காட்சிப் போட்டியிலிருந்து வந்தவர். சன் டிவியின் ‘சப்தஸ்வரங்கள்’ வழியாகத் தெரியவந்த அவரை, பாடகர் ஸ்ரீனிவாஸ் ஏ.ஆர். ரகுமானிடம் அறிமுகப்படுத்தினார். 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படம் வந்தபோது அவருக்கு வயது பதினேழு. அதில் அவர் பாடிய பாட்டை எழுதியவர் வைரமுத்து. 2018 அக்டோபரில் வைரமுத்து மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டைச் சின்மயி வெளிப்படையாகச் சொன்னார். வைரமுத்து மறுத்தார். ‘96’ திரைக்கு வந்ததும் அதே மாதம்தான். ஜானுவின் பேச்சும் பாட்டும் சின்மயியின் குரல். ஊரே அந்தக் குரலில் உருகிக்கொண்டிருந்தது. அதே குரல் தன் சொந்த வாக்கியத்தைச் சொன்னதும் ‘இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டது. நவம்பரில் டப்பிங் சங்கம் அவரை நீக்கியது. சந்தா கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் நீதிமன்றம் போனார். 2023இல் ‘லியோ’வில் த்ரிஷாவுக்கு மறுபடி அவர் குரல் கேட்டபோது, ஐந்து வருடம் ஓடியிருந்தது.

அன்றைக்கு ‘ஏன் அப்போதே சொல்லவில்லை?’ என்று கேட்டவர்கள் மேல் எனக்குக் கடுங்கோபம். கட்டுரைகூட எழுதினேன். என் மாணவி அப்போதே வந்து சொன்னாள். அவளுக்கு என்னிடம் வேறொரு கேள்வி தயாராக இருந்தது.

மறுநாள் அவளை அழைத்தேன். “அன்னைக்கு நான் கேட்டது தப்பும்மா” என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “எங்க அம்மாவும் அதைத்தான் மேடம் கேட்டாங்க” என்றாள்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தில், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கும் வழி இருக்கிறது. மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். இன்னிசைக் குழுவுக்கும் அது பொருந்தும் என்று அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டியவள் நான். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நான் அழைத்தபோது அந்தக் காலமெல்லாம் தாண்டியிருந்தது. போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கூடவே வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். வற்புறுத்தவில்லை.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க மேடம். என் பேரு வேணாம். அந்தக் கேள்வியை மட்டும் அப்படியே போடுங்க.”

போட்டிருக்கிறேன். இப்போது என் அறைக்கு ஒரு பெண் வந்து தயங்கி நின்றால், கதவைச் சாத்திவிட்டு முதலில் “என்ன நடந்துச்சும்மா?” என்று கேட்கிறேன். அதற்குப் பிறகு பேச வேண்டியவள் அவள்.

பாடுகிறாயா என்று அவளிடம் கேட்டேன். மெஷின் சத்தத்தில் பாடினால் யாருக்கும் கேட்காது என்று சிரித்தாள். வேனில் மட்டும், பெண்கள் கேட்டால், ஆம்பூர் வரும்வரை பாடுவாளாம்.