டிரெஸ்டனில் கண்ட கறுத்த கற்கள்

ஔரங்கசீப் சக்கரவர்த்தியின் தர்பாரைக் காண விரும்புவோர் டில்லிக்குப் போய்ப் பயனில்லை. ஜெர்மனியில் எல்பா நதிக்கரையிலுள்ள டிரெஸ்டன் நகருக்குத்தான் போகவேண்டும். வேடிக்கையன்று. அந்நகரத்து அரண்மனையில் 'பச்சை மாடம்' என்ற ரத்தின சாலை ஒன்று இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால், பொன்னும் வெள்ளியும் இழைத்த மேடையின் உச்சியில், ஔரங்கசீப் சிறு பொம்மை வடிவில் கொலுவீற்றிருக்கிறார். யானை, ஒட்டகம் சகிதம் பிரபுக்கள் பிறந்தநாள் காணிக்கை கொண்டு வருகிறார்கள். 130-க்கு மேற்பட்ட உருவங்கள், ஆயிரக்கணக்கான வைரங்கள். நம் வீட்டு நவராத்திரிக் கொலு நினைவுக்கு வராமற் போகாது.

இதை 1701 முதல் 1708 வரை தம் சகோதரர் இருவருடன் உழைத்துச் செய்தவர் டிங்லிங்கர் என்ற பொற்கொல்லர். அவர் இந்தியாவைக் கண்டதே இல்லை. பிரயாணிகள் எழுதியதைப் படித்தே தர்பாரைக் கற்பித்துக்கொண்டார். ஆகவே சீனத்துச் சின்னங்களும் எகிப்திய உருவங்களும் அதில் தாராளமாக நுழைந்திருக்கின்றன. மெய்யான ஔரங்கசீபோ அவ்வருஷங்களில் டில்லியிலேயே இல்லை. தள்ளாத வயதில் தக்காணத்துக் கூடாரங்களில் மராட்டியரோடு போராடிக்கொண்டிருந்து, 1707-ல் அங்கேயே காலமானார். ஸாக்ஸனி அதிபதியான 'பலசாலி' அகஸ்டஸ் இந்தப் பொம்மை தர்பாரை வாங்கி மகிழ்ந்தார். தாமும் அப்படி வீற்றிருக்க வேண்டுமென்ற ஆசை அவருக்கு இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

அவர் கட்டுவித்த ஸ்விங்கர் மாளிகை அருகிலேயே இருக்கிறது. அதை ஒட்டிய சித்திரசாலையில் ராபேல் தீட்டிய மாதாவின் படத்தைக் கண்டேன். யுத்தம் முடிந்ததும் மாஸ்கோவுக்குப் போய்ப் பத்து வருஷம் கழித்துத் திரும்பிய படம் அது.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மாதா கோவில். பெரிய மணி போன்ற கற்குவிமாடம். 1945 பிப்ரவரி 13-ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்களும், மறுநாள் அமெரிக்க விமானங்களும் குண்டு பொழிந்தன. சுமார் 25,000 பேர் மாண்டனர். நெருப்பில் வெந்த தூண்கள் நொறுங்க, 15-ஆம் தேதி காலையில் குவிமாடம் இடிந்து விழுந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் கற்குவியலாகவே கிடந்தது. 1994-ல் தொடங்கி 2005-ல் மீண்டும் கட்டி முடித்தார்கள். குவியலிலிருந்து பொறுக்கிய கற்களை அளந்து, பழைய இடத்திலேயே பொருத்தினார்களாம். வெளிறிய புதுச் சுவரில் அவை கறுப்புக் கறுப்பாகத் தெரிகின்றன. புகைபட்டுக் கறுத்தவை என்று எண்ணினேன். இந்நாட்டு மணற்கல் வெயிலிலும் மழையிலும் தானே கறுக்கும் என்கிறார்கள். அப்படியானால் நாளடைவில் புதியது எது, பழையது எது என்று தெரியாமலே போய்விடும்! உச்சியிலுள்ள பொற்சிலுவையைச் செய்தவர் ஒரு லண்டன் பொற்கொல்லர்; குண்டுவீச வந்த விமானங்களில் ஒன்றில் அவருடைய தந்தை இருந்தார்.

ஆனால் நதிக்கரையில் சற்றுத் தள்ளியிருந்த யூதர்களின் ஜெப ஆலயத்தைக் கொளுத்தியவை அந்நிய விமானங்களல்ல. 1938 நவம்பரில் அதை எரித்தவர்கள் நாஜிகளே. 2001-ல் அவ்விடத்தில் எழுந்த ஆலயம் பழையதைப் போல இல்லை. அதைப் பழையபடி கட்டாமல் விட்டதே சரி என்று எனக்குப் பட்டது.

மாலையில் பெரிய பூங்காவுக்குப் போனேன். பதினேழாம் நூற்றாண்டில் அமைத்த வனம். தீக்குத் தப்பி இங்கே ஓடிவந்தவர்கள்மீதும் அன்று குண்டுகள் விழுந்தன. இப்போது மரங்களினூடே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. 1950 முதல் இதில் சிறுவர் சிறுமியரே உத்தியோகஸ்தர்கள். எஞ்சின் மட்டும் பெரியவர்கள் கையில். பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, என் டிக்கெட்டை இருபுறமும் திருப்பிப் பார்த்தாள். சரியாயிருந்தது போலும், வண்டி புறப்பட்டது.